பதினாலு மில்லி

சீடனுக்கு வயசு அம்பத்திமூணு. குருவுக்கு முப்பத்தெட்டு. கோயம்புத்தூர் செல்வபுரத்துல ஒரு நகைப் பட்டறை, ரெண்டாவது மாடி, இருபத்தியாறு பேர் உக்காந்து வேலை செய்யற ஹால். அங்கதான் இது நடந்துச்சு.

குரு பேரு மரகதம். கல்லு பதிக்கிற வேலையில ஆரம்பிச்சவங்க, இப்போ அந்த ஹாலையே பாத்துக்கறாங்க. எல்லாரும் அக்கான்னு கூப்பிடுவாங்க.

சீடன் பேரு ஜெபராஜ். மிலிட்டரில இருந்து ரிட்டயர் ஆனவரு. பட்டறையோட காவல் முழுக்க அவர் பொறுப்பு. சேந்த முதல் நாளே மரகதத்துக்கு முன்னாடி வந்து அட்டென்ஷன்ல நின்னாரு.

"தங்கத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நீங்க சொல்லிக் குடுங்க. இனிமே நீங்கதான் டீச்சர்."

"உக்காந்து கேளுங்க சார். நின்னுட்டே இருந்தா எனக்குக் கழுத்து வலிக்குது."

அன்னையிலிருந்து டீச்சர்தான்.

ஒரே மாசத்துல ஜெபராஜ் அந்த இடத்தையே மாத்திட்டாரு. எட்டு கேமரா. வாசல்ல ரெண்டு கேட்டு. உள்ள வர்றவங்க மோதிரம், செயின் எதுவும் போடக்கூடாது. வெளிய போறப்போ காலர், பாக்கெட்டு, செருப்பு, தலைமுடி வரைக்கும் சோதனை. தூள் பறந்து போகுதுன்னு சுவத்துல இருந்த புகை இழுக்குற ஃபேனைக்கூட நிறுத்திட்டாரு.

எல்லாத்துக்கும் மேல ஒரு போர்டு. காலைல எடை போட்டுக் குடுக்குற தங்கம், சாயந்திரம் நகையாவும், அரத்தால ராவுன தூளாவும் திரும்பி வரணும். கொஞ்சம் குறையும். அதுதான் சேதாரம். முன்னாடி மரகதம் இருபத்தஞ்சு மில்லிகிராம் வரைக்கும் விடுவாங்க. ஜெபராஜ் அதைப் பத்தாக்கினாரு. பத்து மில்லின்னா எடையில பாதி அரிசி. அதுக்கு மேல போனா பேருக்கு நேரா சிவப்புல எழுதுவாரு. மூணு சிவப்பு வந்தா வேலை காலி.

"பத்து ரொம்பக் கம்மி சார்"னு மரகதம் அப்பவே சொன்னாங்க.

"கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடுதாங்க டீச்சர்."

மரகதம் தன்னோட டேபிளுக்குத் திரும்பிட்டாங்க.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டரை மணி. ஜெபராஜ் மரகதத்தோட டேபிளுக்கு வந்து குனிஞ்சாரு. குரல் காத்து மாதிரி வந்துச்சு.

"டீச்சர், ஒரு திருடனைப் பிடிச்சுட்டேன்."

மரகதம் கையில இடுக்கி, இடுக்கி முனையில ஒரு சின்ன கெம்புக்கல்லு. அதை அதோட குழியில உக்கார வெச்சுட்டுத்தான் நிமிந்தாங்க.

"யாரு?"

"சபாபதி."

"என்ன எடுத்தான்?"

"அது தெரியலங்க."

"எப்படி எடுத்தான்?"

"அதுவும் தெரியல. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"திருடன்னு மட்டும் தெரியும்."

"அது நல்லாத் தெரியும்."

சபாபதி மூணாவது டேபிள்ல உக்காந்திருந்தான். அந்த ஹால்லயே கை சுத்தம்னா அவன்தான். இலை, கொடி, மயில்னு பொடி வேலை எது வந்தாலும் அவன்கிட்டதான் போகும். அவன் ராவி முடிச்ச விளிம்பைக் கண்ணை மூடிக்கிட்டுத் தடவலாம், எங்கயும் இடறாது. போர்டு வந்த முதல் வாரமே அவனுக்கு ரெண்டு சிவப்பு. இன்னும் ஒண்ணு வந்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"அதுக்கப்புறம் பாருங்க டீச்சர்." ஜெபராஜ் ஒரு சீட்டை நீட்டினாரு. "பத்தொம்பது நாள். சேதாரம் சைபர். ஒரு மில்லி கூடக் குறையல. நீங்க ராவுனாலே ஏழு எட்டு போகுது. இவனுக்கு எப்படி சைபர்?"

"நல்லா வேலை செய்யறவன் சார்."

"நடிக்கறான். தினமும் காலைல விபூதிப் பொட்டலத்தோட வர்றான். நானே எத்தனை நாள் கும்பிட்டு உள்ள விட்டிருக்கேன். செம்பு கலக்குறானா, தராசுல ஏதாவது பண்றானான்னு தெரியல. அஞ்சு மணிக்கு முதலாளி ஃபோன் பண்ணுவாரு, பேரைச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். அடுத்தது போலீஸ். எப்படித் திருடறான், அதை மட்டும் சொல்லிக் குடுங்க."

மரகதம் எந்திரிச்சுப் போய் ஒரு தங்கத் துண்டை எடுத்துட்டு வந்து தராசுல வெச்சாங்க. சரியா எட்டு கிராம். கூடவே ஒரு அரம், ஒரு தட்டு, ஒரு பிரஷ்.

"இதை ராவுங்க."

"நானா?"

"நாலு மூலையும் உருண்டை ஆகணும். ஒரு மணி நேரம். அப்புறம் துண்டும் தூளுமா எட்டு கிராமையும் திருப்பிக் குடுங்க."

"ராவுனா திருட்டு தெரிஞ்சுருமா?"

"ராவுங்க சார்."

ஜெபராஜ் உக்காந்தாரு. மடியில தோல் துணியை விரிச்சுக்கிட்டாரு. அவர் விரல்ல கல்யாண மோதிரம் இருந்துச்சு. காவல் பாக்குறவரை யார் சோதிக்கிறது, அது அப்படியே கிடந்துச்சு.

முதல்ல அரம் வழுக்குச்சு. அப்புறம் பிடிச்சுது. பக்கத்து டேபிள் பையன்கள் ஓரக்கண்ணால பாத்தாங்க.

"சார், துப்பாக்கி இல்லீங்க அது. மெல்லப் பிடிங்க."

"உன் வேலையைப் பாருப்பா."

பத்து நிமிஷத்துல வேர்த்துருச்சு. பின்னாடி ஆசிட்ல நகை கழுவுற புகை மெதுவா வந்து மூக்குல ஏறிச்சு. ஜெபராஜ் இருமினாரு.

"டீச்சர், அந்த ஃபேனைக் கொஞ்சம் போடச் சொல்லுங்களேன்."

"நிறுத்தச் சொன்னதே நீங்கதான சார்."

அவர் மீசையைத் துடைச்சுக்கிட்டு மறுபடி ராவினாரு.

மூணே முக்காலுக்கு மரகதம் துண்டையும் தூளையும் கொண்டுவந்து தராசுல வெச்சாங்க. ஏழு கிராம் தொள்ளாயிரத்தி அம்பத்தொம்பது.

"நாப்பத்தியொரு மில்லி எங்க சார்?"

"தெரியலயே."

"தேடுங்க."

ஜெபராஜ் தேடினாரு. மிலிட்டரிக்காரர் தேடுனா எப்படி இருக்கும், அப்படித் தேடினாரு. மடியில விரிச்ச தோலோட மடிப்புல பன்னெண்டு மில்லி. நகக்கண்ணுல ஆறு. உள்ளங்கால்ல நாலு.

"மீசையைப் பாருங்க"ன்னாங்க மரகதம்.

பிரஷ்ஷை எடுத்து மீசையை ஒரு தாள் மேல சீவினாரு. வெயில்ல மின்னுச்சு. அஞ்சு மில்லி. ஹாலே சிரிச்சுது. சபாபதி மட்டும் சிரிக்கல, தலை குனிஞ்சு வேலையைப் பாத்துட்டு இருந்தான்.

"இன்னும் பதினாலு இருக்கு"ன்னாங்க மரகதம்.

தரையைப் பெருக்கிப் பாத்தாரு. ஸ்டூலைத் தட்டினாரு. சட்டையைக் கழட்டி உதறினாரு. பனியனோட நின்னுட்டு அரத்தோட பல்லு பல்லா குடைஞ்சாரு. ஒண்ணும் வரல.

"எங்கதாங்க போச்சு டீச்சர்?"

"தெரியாது சார்."

"உங்களுக்கே தெரியாதா?"

"இருபது வருஷமா எனக்கும் போகுது. எங்க போகுதுன்னு தெரியாது."

"சபாபதிக்கு எவ்வளவு போகணும்?"

"அவன் மத்தவங்களை விட மூணு மடங்கு ராவுவான். அதனாலதான அந்த விளிம்பு அப்படி வருது. பதினாலு, பதினாறு போகும்."

ஜெபராஜ் போர்டைப் பாத்தாரு. சபாபதிக்கு நேரா முதல் வாரத்துல இருந்த ரெண்டு சிவப்பும் அதேதான். பதினாலு. பதினாறு.

மணி நாலரை.

"நீங்க எழுதுன சட்டப்படி பத்துக்கு மேல போனா சிவப்பு. உங்களுக்குப் பதினாலு"ன்னு சொல்லிட்டு மரகதம் சிவப்பு மார்க்கரை அவர் பக்கத்துல வெச்சாங்க. திரும்பிப் போய் தன்னோட கெம்புக்கல்லை எடுத்துக்கிட்டாங்க.

ஜெபராஜ் தராசு முன்னாடி தனியா உக்காந்திருந்தாரு. ஏழு தொள்ளாயிரத்தி எம்பத்தியாறுன்னு நம்பர் பச்சையா எரிஞ்சுது. அவரும் அதையே பாத்தாரு. பையன்கள் அவரைப் பாத்தாங்க. முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு தடவை கூட அவர் பேரு எந்த போர்டுலயும் சிவப்புல வந்தது இல்ல.

அப்போதான் தராசு மேல வெச்சிருந்த கையில மோதிரம் கண்ணுல பட்டுச்சு.

நாலு இழுப்பு இழுத்தா பதினாலு மில்லி சரியாயிரும். உள்பக்கமா ராவுனா யாருக்கும் தெரியாது. அவர் பொண்டாட்டிக்குக் கூடத் தெரியாது.

அரத்தை எடுத்தாரு. மோதிரத்துல வெச்சாரு. வெச்ச கை அப்படியே நின்னுச்சு.

நிமிந்து பாத்தா எதிர்ல மரகதம். கையில ஒரு தட்டு.

"நேத்து சாயந்திரம் சபாபதி குடுத்த தூள் சார். உருக்கறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சேன்."

ஜெபராஜ் குனிஞ்சு பாத்தாரு. அவங்க ஒரு பூதக்கண்ணாடி குடுத்தாங்க. கண்ணாடி வழியாப் பாத்தாரு. தூளு மஞ்சளா இருந்துச்சு. அதுக்கு நடுவுல, ஒரு சிட்டிகை, வேற நிறம். கொஞ்சம் சிவப்பு ஓடுன, பழைய தங்கம்.

"இது நம்ம பட்டறைத் தங்கம் இல்லையா?"

"இல்ல."

"அப்போ யாரோடது?"

மரகதம் மூணாவது டேபிளைப் பாத்தாங்க.

ஜெபராஜ் எந்திரிச்சு மூணாவது டேபிளுக்குப் போனாரு. சட்டை போட மறந்துட்டாரு. சபாபதி பதறி எந்திரிச்சான். அவன் விரலைப் பாத்தாரு. மோதிரம் கிடந்த இடத்துல வெள்ளையா ஒரு வளையம் மட்டும் இருந்துச்சு.

"சபாபதி, அந்த விபூதிப் பொட்டலத்தைக் குடு."

சபாபதி சட்டைப் பையில கையை விட்டான். பொட்டலத்தைப் பிரிச்சு டேபிள் மேல வெச்சான். விபூதி இல்ல. பொடிசா, சிவந்த தங்கத் தூள், கடுகு அளவு.

"உன் மோதிரமா?"

"ஆமாங்க."

"எவ்வளவு மீதி இருக்கு?"

அவன் அந்த வெள்ளை வளையத்தைத் தடவினான்.

"உள்பக்கமாவே ராவுறேங்க. இப்போ போட்டா வளையுது. அதான் வீட்டுலயே கழட்டி வெச்சுட்டேன்."

"ஏன்யா சைபர் ஆக்குன? ஒம்பதுல நிறுத்தியிருந்தா எனக்கு சந்தேகமே வந்திருக்காதே."

"பயத்துல கை நிக்கலீங்க. எதுக்கு வம்புன்னு முழுசாப் போட்டுட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, உள்ள தங்கம் கொண்டுவந்ததுக்குத் தனியா ஒரு சிவப்பு போட்டிருப்பீங்க."

பக்கத்து டேபிள்ல ஒருத்தன் சிரிக்க வாயெடுத்து, ஜெபராஜ் முகத்தைப் பாத்துட்டு அடக்கிக்கிட்டான்.

ஜெபராஜ் பொட்டலத்தைப் பழையபடி மடிச்சாரு. மூலைக்கு மூலை சரியா மடிச்சு, சபாபதி சட்டைப் பையில அவரே வெச்சாரு. அப்புறம் நேரா சுவத்துக்குப் போய் அந்த ஃபேனைப் போட்டாரு. ஒரு மாசம் சும்மா கிடந்த ஃபேன், கடகடன்னு சுத்துச்சு. புகை வெளிய போக ஆரம்பிச்சுது.

திரும்பி வந்து மரகதம் முன்னாடி நின்னாரு. இந்தத் தடவை அவங்க உக்காரச் சொல்லல.

"டீச்சர், நேத்தே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"திருடனான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க திருடன்னு முடிவு பண்ணிட்டு வந்து, எப்படித் திருடறான்னு கேட்டீங்க."

"எட்டு கேமரா வெச்சேன். ரெண்டு கேட்டு. தலைமுடி வரைக்கும் தடவிப் பாத்தேன். இது எப்படிங்க என் கண்ணுல படாமப் போச்சு?"

"வெளிய போறவங்களைத்தான சார் பாத்தீங்க."

ஜெபராஜ் வாசல் கேட்டைப் பாத்தாரு. காலைல திறக்குற கேட்டும் அதுதான், சாயந்திரம் திறக்குற கேட்டும் அதுதான்.

அவர் பாக்கெட்டுல ஃபோன் அடிச்சுது. எடுத்துப் பாத்தாரு. முதலாளி. மணி சரியா அஞ்சு.

ஹால்ல அரம் எல்லாம் ஒண்ணு ஒண்ணா நின்னுச்சு. ஃபேன் சத்தம் மட்டும். சபாபதி எந்திரிச்சவன் இன்னும் உக்காரல.

ஃபோன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

"பேரு கேப்பாரு டீச்சர். என்னன்னு சொல்லட்டும்?"

மரகதம் இடுக்கியைக் கீழ வெச்சாங்க. தராசுக்குப் பக்கத்துல கிடந்த சிவப்பு மார்க்கரை எடுத்து, மூடியைக் கழட்டி, அவர் கையில குடுத்தாங்க.

"முதல்ல உங்க பதினாலை போர்டுல எழுதுங்க சார். அப்புறம் அதைப் பாத்துப் படிச்சுருங்க."