பத்தொன்பது டி.சி.

எங்கள் கல்லூரியின் பெயரை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால், "அப்படி ஒரு காலேஜ் இருக்கா?" என்பார்கள். இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கிக் கரிசல் காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் நடந்தால் வரும். நான் அங்கே ஆபீசில் இருக்கிறேன். வருகைப் பதிவேடு, சான்றிதழ் எல்லாம் என் பொறுப்பு. அதனால் இந்த விஷயத்தில் என் கையும் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்கக்கூடாது.

முதல்வர் தளவாய்சுந்தரம் சார் நல்ல மனுஷர். பிள்ளைகள்மேல் அக்கறை இல்லாதவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் போன வருஷம் அவரை ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ஆய்வுக் குழு வரப்போகிறது. கணிதத்தில் முதல் வருஷம் சேர்ந்தவர்கள் ஐம்பத்தெட்டுப் பேர். மூன்றாம் வருஷம் மிஞ்சியவர்கள் முப்பத்து மூன்று பேர். இவ்வளவு இடைநிற்றல் என்றால் அந்தப் படிப்பையே மூடச் சொல்லிவிடுவார்கள். மூடிவிட்டால் இந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிக்க வேறு இடம் கிடையாது.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். டி.சி. வாங்கிக்கொண்டு போகிற பிள்ளை வேறு கல்லூரிக்கு மாறியதாகத்தான் அர்த்தம். படிப்பை நிறுத்தியவர்கள் கணக்கில் அது வராது.

"ரொம்ப நாளா வராத பிள்ளைகளுக்கு நாமளே டி.சி. அனுப்பிட்டா என்ன?" என்று என்னைக் கேட்டார்.

"கேட்டாத்தான சார் குடுக்கணும்?" என்றேன்.

"கேட்ட மாதிரி எழுதிருவோம்."

பத்தொன்பது பேருக்கு அடித்தேன். விலகிய காரணம் என்ற இடத்தில் பத்தொன்பதிலும் 'பெற்றோர் விருப்பம்' என்று போட்டேன். சார் கையெழுத்துப் போட்டார். பதிவுத் தபாலில் அனுப்பினோம். படிப்பைத் தொடர்கிறவர்கள் ஐம்பத்தேழு விழுக்காடு என்பது எண்பத்தைந்து ஆனது. குழு வந்தது, பாராட்டியது. போகும்போது மட்டும், மீதிப் பிள்ளைகளும் நிற்காமலிருக்க என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு திட்டம் எழுதி அனுப்பச் சொல்லிவிட்டுப் போனது.

எழுத உட்கார்ந்தவருக்கு ஒன்றும் ஓடவில்லை. அருளப்பன் சாரைக் கூப்பிட்டு அனுப்பினார். அருளப்பன் சார் தளவாய் சாருக்கே கணக்குப் பாடம் எடுத்தவர். ஓய்வுபெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு நாள் வந்து வகுப்பு எடுக்கிறார். ஒரு கேள்விக்கு நேரே பதில் சொல்லும் வழக்கம் அவரிடம் கிடையாது. சமயத்தில் எனக்கு எரிச்சலாகக்கூட வரும்.

"சார், போற பிள்ளைகள நிறுத்த என்ன வழி?" என்று கேட்டார் தளவாய் சார்.

"யாரு போனா?"

"கணிதத்துல மட்டும் இருபத்தஞ்சு பேரு."

"எத்தன பேருன்னு கேக்கலடே. யாருன்னு கேட்டேன்."

தளவாய் சார் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

அருளப்பன் சார் என் பக்கம் திரும்பினார். "இப்ப மூணாம் வருஷக் கணிதத்துல இருக்குற பிள்ளைகளோட முதல் வருஷத்து வருகைப் பதிவேடு இருக்காம்மா?"

"பீரோவுல இருக்கு சார்."

"எடுத்துக்கிட்டு வா."

மூன்றாம் வருஷ வகுப்புக்குப் போனோம். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அருளப்பன் சார் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டுப் பதிவேட்டைத் தளவாய் சாரிடம் நீட்டினார்.

"நீ கூப்பிடு."

"இது பழசு சார். பாதிப் பேரு இப்ப இல்ல."

"இருக்கட்டும். ஒண்ணு விடாம கூப்பிடு."

முதல்வரே வருகை எடுப்பது பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருந்தது.

"அந்தோணி கிளாரா."

"பிரசன்ட் சார்."

"இசக்கிராஜ்."

கடைசி பெஞ்சில் சிரிப்பு. "அவன் திருப்பூர்ல பனியனுக்கு லேபிள் தைக்கான் சார். எங்க எல்லாரையும் விட வசதி."

"கற்பகவள்ளி."

"கல்யாணம் ஆயிட்டு சார். கைப்புள்ள இருக்கு."

"மகாராசன்."

"பிரசன்ட் சார்."

"முப்பிடாதி."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. முன் பெஞ்சில் இருந்த ஒரு பையன் சொன்னான்: "அவன் ஊருக்கு வந்துக்கிட்டிருந்த பஸ்ஸ நிறுத்திட்டாங்க சார். மூணு மாசம் நடந்தே வந்தான். அப்புறம் முடியல."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"மனு எழுதிக் குடுத்தான் சார். நாங்களும் கையெழுத்துப் போட்டோம்."

அந்த மனு எந்த ஃபைலில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு பெயருக்கும் பதில் வந்துகொண்டே இருந்தது. எங்கள் ஆபீசுக்குத் தெரியாதது எல்லாம் அந்த வகுப்புக்குத் தெரிந்திருந்தது. தளவாய் சாரின் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசிப் பக்கம் வந்தது.

"வேலுத்தாய்."

மறுபடியும் கூப்பிட்டார். அந்தோணி கிளாரா எழுந்து நின்றாள்.

"அவ போன திங்கக்கிழமை வந்தா சார்."

"எங்க வந்தா?"

"காலேஜ் கேட்டு வரைக்கும். அவங்க அப்பா கிணத்து வேலையில விழுந்து கால் முறிஞ்சுபோச்சு. நாப்பது நாளு ஆஸ்பத்திரியில இவதான் கூட இருந்தா. திங்கக்கிழமை நோட்டெல்லாம் எடுத்துக்கிட்டு வந்தா. டி.சி. குடுத்தவங்கள உள்ள விடக்கூடாதுன்னு வாட்ச்மேன் அண்ணன் சொல்லிட்டாரு. எனக்கு எதுக்கு டி.சி.ன்னு கேட்டுக்கிட்டே மத்தியானம் வரைக்கும் நின்னா சார்."

"ஒருத்தராவது வந்து என்கிட்ட சொல்லக்கூடாதா?"

"வாட்ச்மேன் கையில இருந்த லிஸ்ட்டுல உங்க கையெழுத்துதான சார் இருந்துச்சு."

வாட்ச்மேனைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பட்டியலை அவருக்குக் கண் சரியாகத் தெரியாதே என்று பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தவள் நான்.

தளவாய் சார் பதிவேட்டை மூடினார். "பரீட்சைக்குப் பேரு குடுக்க இன்னும் நாலு நாளு இருக்கு. டி.சி.ய ரத்து பண்ணிருவோம். இப்பவே அந்தப் பிள்ள வீட்டுக்குப் போவோம்" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் போனோம். ஓட்டு வீடு. அப்பா கட்டிலில் படுத்திருந்தார், காலில் கம்பி. அம்மா எங்களுக்குப் பாயை விரித்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். தளவாய் சார் உட்காரக்கூட இல்லை.

"டி.சி. தப்பா வந்துட்டும்மா. ரத்து பண்ணிட்டோம். நாளைக்கே வேலுத்தாய வரச் சொல்லுங்க."

அம்மா தண்ணீர்ச் செம்போடு நின்றாள். "அவ இல்லையே சார். நேத்துக் காலையில நூல் மில்லு வேன் வந்துச்சு, வேலைக்கு ஏறிப் போயிட்டா. மூணு வருசம் அங்கயே ஹாஸ்டல்ல இருக்கணுமாம்."

"போன் நம்பர் குடுங்க, நான் பேசுறேன்."

"உள்ள போனதும் போன வாங்கி வச்சிருவாங்களாம். மாசத்துக்கு ஒரு நாளு அவங்களே பேச விடுவாங்களாம்."

"நீங்க தடுத்திருக்கலாமேம்மா. நல்லாப் படிக்கிற பிள்ள."

கட்டிலிலிருந்து அப்பாதான் பேசினார். "எங்க பேச்ச அவ கேட்டாத்தான சார்."

"ஏன்?"

"நாங்க ஆஸ்பத்திரியில கெடக்கும்போது காலேஜுலருந்து ஒரு கவரு வந்திருக்கு. வீட்டுல இருந்த இவளுக்கு வாசிக்கத் தெரியாது. கைநாட்டு வச்சு வாங்கி, காலேஜுக் கடுதாசியாச்சேன்னு சாமி படத்துக்குப் பின்னால சொருகி வச்சிருக்கா. திங்கக்கிழமை பிள்ள அழுதுக்கிட்டு வந்த பிறகுதான் எடுத்துக் குடுத்தா. பிள்ள பிரிச்சு வாசிச்சா. பெற்றோர் விருப்பம்னு போட்டிருக்காம். எனக்குத் தெரியாம நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களான்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நாங்க அந்தப் பக்கமே போகலம்மான்னு சொன்னேன். அவங்க அம்மா அவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணினா. நம்பல சார். 'காலேஜு எதுக்குப்பா பொய் சொல்லப்போவுது'ன்னு கேட்டா. அதுக்குப் பிறகு எங்ககூடப் பேசவே இல்ல. வேன்ல ஏறும்போதுகூடத் திரும்பிப் பாக்கல."

எனக்கு அந்த வீட்டில் நிற்க முடியவில்லை. ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. அந்த இரண்டு வார்த்தையையும் அடித்தது என் விரல்தானே.

தளவாய் சார் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "அது நான் எழுதச் சொன்னது. நீங்க கேக்கல. உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது" என்றார்.

அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"அத அவகிட்ட நீங்க சொல்லணும் சார்" என்றார்.

"சொல்றேன். மில்லுக்கே போயிச் சொல்றேன்."

"படிக்க வராட்டாலும் பரவாயில்ல. எங்களத் தப்பா நெனைக்க வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க."

மில் இருக்கும் ஊரின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டோம். அம்மா வாசல் வரைக்கும் வந்தாள். தண்ணீரை யாரும் குடிக்கவில்லை என்று அப்போதுதான் பார்த்தாள் போல. "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க சார்" என்றாள். தளவாய் சார் வாங்கிக் குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது.

பஸ் நிறுத்தத்தில் எங்களைத் தவிர ஆள் இல்லை. வெயில் கொளுத்தியது. தளவாய் சார் அழுதுகொண்டிருந்தார். கைக்குட்டையை எடுத்து மறைக்கக்கூட இல்லை. ஐம்பத்திரண்டு வயது மனுஷர் அப்படி நின்று அழுவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டும் போல இருந்தது. அவருக்காக மட்டும் என்று சொன்னால் அது பொய்.

"இது ஒண்ணுதான் சார் இப்படி ஆயிட்டு. மத்த பதினெட்டுப் பேரும் எப்படியும் திரும்பி வந்திருக்க மாட்டாங்க" என்றேன்.

தளவாய் சார் முகத்தைத் துடைத்தார். நான் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அருளப்பன் சார் பக்கம் திரும்பி, "அப்படித்தான சார்?" என்று கேட்டார்.

"எனக்கு எப்படிடே தெரியும்?" என்றார் அருளப்பன் சார். "பதினெட்டு வீட்டுக்கும் போயிட்டு வந்து நீ சொல்லு."