மூடாத குழிகள்

கேளுங்கள், நாள் முழுக்க உழைத்துக் களைத்து வந்து உட்கார்ந்தவர்களே. மன்னர்கள் எல்லோருக்கும் இன்னும் பட்டப்பெயர் வைத்து முடியாத காலம் அது. அப்போது கானல்மேடு என்றொரு ஊர் இருந்தது. வானம் அந்த ஊரை மறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த ஊரில் கிணறு தோண்ட வேண்டுமென்றால் கங்காதரர் வந்து இடம் காட்ட வேண்டும். அவர் பிறந்தபோது தலை வரவில்லை, கால்தான் முதலில் வந்தது. காலால் பிறந்தவருடைய பாதத்துக்குப் பூமிக்குள் ஓடும் நீர் தெரியும் என்று ஊர் நம்பியது. அவர் வெறுங்காலோடு நடப்பார். நிற்பார். நின்ற இடத்தில் மண்வெட்டி விழும்.

நீர் வந்தால் மேளம் கொட்டுவார்கள். வராவிட்டால், பொழுது சாய்வதற்குள் குழியை மூடிவிடுவார்கள். அதன் பிறகு அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது. பேசினால் பூமிக்குள் இருக்கும் நீர் கோபித்துக்கொண்டு இன்னும் கீழே இறங்கிவிடுமாம்.

அந்தக் குழிகளுக்கெல்லாம் மண் சுமந்தவள் சிலம்பாயி. தோண்டும்போது கூடை கூடையாக வெளியே சுமப்பாள். மூடும்போது அதே மண்ணை அதே கூடையில் திரும்பக் கொண்டுபோய்க் கொட்டுவாள். இருபது வருடம். ஊர் மறந்த குழிகளை அவள் தோள் மறக்கவில்லை.

அவள் புருஷன் மொக்கையன் கிணறு வெட்டுகிறவன். போன கோடையில் ஒரு வறண்ட குழியின் பக்கச்சுவர் சரிந்து அவனுடைய இரண்டு கால்களும் நொறுங்கிப்போயின. அந்தக் குழியையும் மூடினார்கள். அதைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

மன்னனிடமிருந்து ஓலை வந்தது. பௌர்ணமிக்குள் நீர் கிடைக்காவிட்டால் ஊரே கிளம்பி ஆற்றங்கரைக்குப் போய்விட வேண்டும். ஏழு நாள் நடை. வண்டி மாடுகள் எல்லாம் எப்போதோ செத்துப்போயிருந்தன. நடக்க முடியாதவர்களைப் பற்றி ஓலையில் ஒரு வரியும் இல்லை.

கங்காதரர் மூன்று இடம் காட்டினார். மூன்றும் வறண்டன. மூன்றையும் மூடினார்கள்.

"நீ போ புள்ள. நான் இங்கேயே ஊருக்குக் காவல் இருக்கேன்" என்றான் மொக்கையன்.

"ஆளே இல்லாத ஊருக்கு எதுக்கு மாமா காவல்?"

"திருடன் வந்தா எனக்குப் பேச்சுத்துணை ஆச்சே."

சிலம்பாயிக்குச் சிரிப்பு வரவில்லை. மூலையில் கிடந்த மண்கூடையைப் பார்த்தபடி சொன்னாள்: "கழுத்தளவு ஆழத்துக்குள்ள வெள்ளைச் சுக்கான்கல் வந்துட்டா அந்தக் குழியில தண்ணி வராது மாமா. ஒரு தடவைகூட வந்ததில்ல."

"இத்தனை வருசமா ஏன் சொல்லல?"

"நான் தலையால பொறந்தவ. எனக்கு எப்படித் தெரியும்னு நானே நம்பல."

"பானையில ஒரு செம்புத் தண்ணி கிடக்கு. இப்பவும் தலையா காலான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியே."

அவள் எழுந்து போய் ஊர்க்கூட்டத்தில் நின்றாள். தான் ஓர் இடம் காட்டுவதாகச் சொன்னாள்.

"தலையால பொறந்தவளே, தலையாலேயே தோண்டப் போறியா?" என்று ஒருவன் கேட்டான். கூட்டம் சிரித்தது, தொண்டை காய்ந்த சிரிப்பு.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். குழி வறண்டுபோனா மூடக் கூடாது."

"தண்ணி கோபிச்சுக்கும்!"

"இதுக்கு மேல கோபிச்சுக்கத் தண்ணி எங்கய்யா இருக்கு?"

மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு அவள் காட்டிய இடத்துக்குப் போனார்கள். தோண்டினார்கள்.

முதல் குழி. கழுத்தளவில் வெள்ளைக்கல் வந்தது. அவள் காட்டிய இடமும் தப்பாகப்போயிற்று. எல்லோரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போனார்கள். சிலம்பாயி குழிக்குள்ளேயே உட்கார்ந்தாள். எழுந்திருக்கத் தெம்பில்லை. இருபது வருடத்தில் ஒரு வறண்ட குழிக்குள் அவள் சும்மா உட்கார்ந்தது அன்றுதான். அதனால் அன்றுதான் பார்த்தாள்: வெள்ளைக்கல் சமமாக இல்லை, கிழக்கே சாய்ந்து இறங்கியது.

இரண்டாம் குழியைக் கிழக்கே ஐம்பது அடி தள்ளித் தோண்டினாள். கூட வந்தவர்கள் நாலே பேர். இரண்டு ஆள் ஆழத்தில்தான் வெள்ளைக்கல் வந்தது. அதன் மேலிருந்த மண் கையில் ஒட்டியது. ஈரம் இருந்தது, நீர் இல்லை.

குழியின் விளிம்பில் கங்காதரர் வந்து நின்றார். "தாயீ, நான் காலால பொறந்தேன்னு சொன்னாங்க. நான் பாத்தேனா? எனக்குப் பாதத்துல ஒருநாளும் ஒண்ணும் தெரிஞ்சதில்ல. முள்ளு குத்தினா மட்டும் தெரியும்."

சிலம்பாயி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்திலும் தன்னுடைய களைப்பே இருப்பதைக் கண்டாள்.

"அப்ப இந்தக் கூடையைப் பிடிங்க ஐயா" என்றாள்.

மூன்றாம் குழி, இன்னும் கிழக்கே. வெள்ளைக்கல் வரவே இல்லை. நான்கு ஆள் ஆழத்தில் மஞ்சள் மணல் வந்தது. பௌர்ணமிக்கு முதல் நாள், மணலின் நடுவே ஓர் உள்ளங்கை அளவு இடம் கறுத்தது. பிறகு மினுங்கியது. பிறகு மெல்ல மெல்லக் கலங்கலாக ஊறியது.

முதல் செம்பை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மொக்கையன் உள்ளே எட்டிப் பார்த்தான். "மண்ணால்ல கிடக்கு."

"தெளியட்டும் மாமா. இனி அவசரமில்ல."

மறுநாள் ஊரில் வேறு பேச்சு கிளம்பியது. சிலம்பாயி கையில் பிறவியிலேயே நீர் ரேகை இருக்கிறதாம். இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லையாம். பார்ப்பதற்குக் கூட்டமாக வந்தார்கள்.

அவள் கையை விரித்துக் காட்டினாள். காய்ப்பு மட்டும்தான் இருந்தது. பிறகு எழுந்து நடந்தாள். அவர்களும் பின்னால் நடந்தார்கள். முதல் குழியைக் காட்டினாள். இரண்டாம் குழியைக் காட்டினாள்.

"ரேகை இங்கதான் இருக்கு. ஆடு விழுந்திராம சுத்தி முள்ளு வச்சுட்டு, நல்லாப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். அன்று அவள் நன்றாகத் தூங்கினாள்.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: பிறவி வரம் இல்லையே என்று ஏங்குவதை விட்டு, தான் தவறிய இடங்களை மூடி மறைக்காமல் உற்றுப் பார்த்து மீண்டும் முயல்கிறவருக்கே காரியம் கைகூடும்.