நஞ்சப்பன் காரும் பின்சீட்டுக் கியரும்

சட்டிப்பாளையத்தில் மூளை இல்லாத ஆள் ஒருத்தரும் கிடையாது. எல்லோருக்கும் இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்தாததால் புதுசு மாதிரியே இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஊர் நஞ்சப்பனிடம் ஒரு பழைய அம்பாசடர் இருந்தது. அவர் அப்பா வாங்கியது. இப்போது வருகிற கார்களில் கியர், சீட்டுக்குப் பக்கத்தில் தரையில் முளைத்திருக்கும். இதில் அப்படி இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இடது பக்கமாகக் கம்பி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கையைத் தூக்கித்தான் போட வேண்டும். நஞ்சப்பனுக்கு இடது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கை மேலே ஏற மாட்டேன் என்றது.

வேறு நேரமாக இருந்தால் பஸ்ஸில் போய்த் தொலைந்திருப்பார். ஆனால் மகள் தாரணிக்குக் கல்யாணம் வைத்திருந்தது. "எம் புள்ளய நானே ஓட்டிக் கொண்டுபோய் மண்டபத்துல எறக்குவேன்" என்று ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். அவர் மச்சினன் சென்னியப்பனோ தினமும் வந்து கையை நீட்டினான்.

"சாவியக் குடுங்க மாமா. நான் ஓட்டறேன். நீங்க பின்னால சும்மா உக்காந்து வாங்க."

அந்த "சும்மா" நஞ்சப்பனைச் சுட்டுவிட்டது. ஆள் வைத்துக் காரைத் தள்ளிக்கொண்டு நேராக அத்தியப்பன் பட்டறைக்குப் போனார்.

பட்டறையில் மூன்று பேர். அத்தியப்பன் மேஸ்திரி. பொங்கியான் அவர் தம்பி. கிட்டான் அவர் மச்சினன். மூவரும் சொன்ன பேச்சை அப்படியே கேட்பவர்கள். கெட்டதே அதனால்தான்.

நஞ்சப்பன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இடது கையைத் தொங்கவிட்டார். விரல் பட்ட இடத்தைக் காட்டினார்.

"கியரு இங்க வரோணும். ஆனா ஒண்ணு, எங்கப்பா வண்டி. மேல ஒரு கீறல் விழக்கூடாது, ஆமா."

"விழாதுங்ணா" என்றார் அத்தியப்பன்.

அவர் போனதும் விவாதம் ஆரம்பமானது.

"எடத்தக் குறிச்சு வெச்சுக்கலாம்ணா. ஆணியில ஒரு கோடு போட்டுரட்டா?" என்றான் பொங்கியான்.

"கீறல் விழக்கூடாதுன்னு இப்பத்தானடா சொல்லீட்டுப் போனாரு?"

"அப்பச் சாக்பீஸு?"

"வண்டியக் கழுவறப்ப அழிஞ்சு போயிரும்."

மூவரும் யோசித்தார்கள். கிட்டான்தான் வழி கண்டுபிடித்தான். காருக்குக் கீழே சிமெண்டுத் தரை இருக்கிறதே, அது கீறினாலும் ஒன்றுமில்லை, கழுவினாலும் போகாது. கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி வந்து, மட்டம் பார்த்து, நஞ்சப்பன் காட்டிய இடத்துக்கு நேர் கீழே தரையில் சிவப்புப் பெயிண்டில் வட்டம் போட்டார்கள். நல்ல வட்டம். அதைக் குறை சொல்ல முடியாது.

பிறகு காரை வெளியே தள்ளிக் கழுவினார்கள். திரும்ப உள்ளே தள்ளினார்கள். முதல் தடவை காரைத் தடுத்து நிறுத்தியிருந்த தகர டப்பா இப்போது வழியில் இல்லாததால் கார் சுவர் வரைக்கும் போய் நின்றது.

வெட்டப் போகும்போது கிட்டானுக்கு ஒரு சந்தேகம்.

"மாமா, வண்டி கொஞ்சம் முன்னால தள்ளி நிக்கற மாதிரி இருக்குது."

அத்தியப்பன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "வண்டின்னா நகரத்தான் செய்யும் மாப்ள. அதுக்குத்தான் சக்கரம் வெச்சிருக்குது. வட்டத்துக்குச் சக்கரம் இருக்குதா?"

இல்லை. கிட்டான் குனிந்து பார்த்தே உறுதி செய்துகொண்டான்.

வட்டத்துக்கு நேர் மேலே காரின் அடித் தகட்டை வெட்டினார்கள். கீறல் விழவில்லை. ஓட்டைதான் விழுந்தது. ஓட்டை வேறு, கீறல் வேறு என்பதில் மூவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. கியர் பெட்டியிலிருந்து கம்பிகளைப் பின்பக்கமாக இழுத்து, வளைத்து, பற்றவைத்து, குமிழ் மாட்டினார்கள். வேலை சுத்தம். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நஞ்சப்பன் வந்தார். சீட்டில் உட்கார்ந்தார். கையைத் தொங்கவிட்டார். கையில் காற்றுதான் பட்டது. திரும்பிப் பார்த்தார். பின்சீட்டின் நட்டநடுவில் கியர் நின்றுகொண்டிருந்தது.

"அட நாசமாப் போனவனுங்களா! இதென்னடா பண்ணி வெச்சிருக்கறீங்க?"

"வட்டத்துக்கு மேலதானுங்ணா வெச்சிருக்குது. வேணும்னா எறங்கிப் பாருங்க" என்றார் அத்தியப்பன்.

அவர் இறங்கிப் பார்த்தார். வட்டத்துக்கு மேல்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவரால் என்ன பேச முடியும்? ஓரமாகக் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "போச்சு. நாளைக்கு அந்தச் சென்னியப்பன்தான் ஓட்டுவான்."

இது மூவருக்கும் கஷ்டமாகிவிட்டது.

"ஸ்டியரிங்கையும் பின்சீட்டுக்குக் கொண்டு போயிரலாம்" என்றான் பொங்கியான்.

"பிரேக்கு?"

"அதையும்."

"அப்ப முன்னால யாரு உக்கார்றது?"

அத்தியப்பன் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். திடீரென்று நின்றார்.

"ஏனுங்ணா, வண்டி முன்னால போனாத்தானுங்க அது பின்சீட்டு? ரிவர்ஸ்ல போனா அதுதான் முன்சீட்டு. கியரு முன்னால வந்துரும்."

நஞ்சப்பன் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னொண்ணுங்க. ரிவர்ஸ்ங்கறது ஒரே கியரு. கெளம்பறப்ப பின்னால உக்கார்ற தாரணிப் பாப்பா ஒருக்காப் போட்டுட்டாப் போதும். அப்பறம் நீங்க தோளத் தூக்கவே வேண்டீதில்ல."

நஞ்சப்பன் எழுந்து அத்தியப்பனைக் கட்டிப்பிடித்தார். ஒரு கையால்தான்.

காலையில் தாரணி பட்டுப்புடவையோடு பின்சீட்டில் ஏறினாள். விஷயத்தைச் சொன்னார்கள். அவள் வெளியூரில் படித்தவள், அதனால் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏப்பா, ஒரே கியருலதான் போகோணும்னா ஃபர்ஸ்ட்டுல முன்னாலயே போலாமில்ல?"

"முன்னால போனா கியரு பின்னால போயிருமே, கண்ணு" என்றார் நஞ்சப்பன் பொறுமையாக.

முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது. ரிவர்ஸைப் போட்டாள். சீட்டில் மண்டி போட்டுப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்து, "லெப்ட்டுப்பா, ரைட்டுப்பா, மாடுப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நஞ்சப்பன் கழுத்தை முறுக்கிக்கொண்டு ஓட்டினார். ஊரே பார்த்தது. வாழ்க்கையில் அவர் அவ்வளவு பெருமையாக இருந்ததே கிடையாது.

மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அப்பா நின்றிருந்தார். அவரும் சட்டிப்பாளையத்துக்காரர்தான். காரின் முகம் ரோட்டைப் பார்த்து இருப்பதைக் கண்டதும் அலறிவிட்டார்.

"ஐயோ, பொண்ணு வண்டி திரும்பிப் போகுது! புடிங்க, புடிங்க!"

முன்கூட்டியே வந்திருந்த சென்னியப்பன்தான் முதல் ஆளாக ஓடினான். கார் தப்பித்துப் போகாமல் இருக்க பானெட்டில் கையை வைத்துத் தள்ளினான். பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர் ஓடி வந்து தள்ளினார்கள். கார் மண்டபத்தை நோக்கிப் பின்னாலேயே போய், பந்தல் கால் ஓரமாக நின்றது.

"விட்டிருந்தா ஓடியே போயிருக்கும்" என்றான் சென்னியப்பன் வியர்வையைத் துடைத்தபடி. "பொண்ண மண்டபத்துல சேத்தது நான்தான் மாமா."

"நான் ஓட்டியாந்தன்டா!"

"நீங்க ரோட்டப் பாத்து உக்காந்திருந்தீங்க. தள்ளுனது நானு."

பார்த்தவர்கள் எல்லோரும் சென்னியப்பன் பக்கம்தான் சாட்சி சொன்னார்கள். நஞ்சப்பனுக்குத் தாலி கட்டும்போதுகூட மனசு ஆறவில்லை. சாப்பாடு முடிந்ததும் எழுந்து சத்தமாகச் சொன்னார்.

"பொண்ணு மாப்பிள்ளைய ஊட்டுக்கு நானே ஓட்டிட்டுப் போறேன். ஒருத்தன் வண்டியத் தொடக்கூடாது!"

விருந்துக்கு வந்திருந்த அத்தியப்பன் கைகழுவிவிட்டு வந்து காரைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"சிக்கலுங்ணா. மூஞ்சி ரோட்டப் பாத்தே நிக்குது. இப்பிடியே ரிவர்ஸ் எடுத்தா நேரா சமையக்கட்டுக்குள்ளதான் போவீங்க."

"அப்ப என்ன பண்றது?"

"மூஞ்சிய மண்டபத்தப் பாத்துத் திருப்பி வெச்சமுன்னா, ரிவர்ஸ்ல நேரா ஊட்டுக்குப் போயிரலாம்."

வீட்டுக்குப் போகிற ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்த காரை, பந்தியிலிருந்து ஆள் கூப்பிட்டு, எல்லோருமாகச் சேர்ந்து தூக்கினார்கள். தொடக்கூடாது என்று சொல்லியிருந்ததால் கையில் வாழையிலை வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையும் மாலையோடு ஒரு மூலையைப் பிடித்தார். முக்கி முனகி, காரைத் திருப்பி, மண்டபத்தைப் பார்த்து வைத்தார்கள்.

நஞ்சப்பன் ஏறி உட்கார்ந்தார். பின்னால் பொண்ணும் மாப்பிள்ளையும் ஏறினார்கள். தாரணி ரிவர்ஸைப் போட்டாள். ஹாரன் அடித்தார் நஞ்சப்பன்.

சத்தம் கேட்டு மாப்பிள்ளையின் அப்பா வெளியே எட்டிப் பார்த்தார். காரின் முகம் மண்டபத்தைப் பார்த்து இருந்தது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பொண்ணு வண்டி வந்துருச்சு! சீக்கிரம் ஆரத்தி கொண்டாங்க!"