முற்றத்து நிழல் எந்தப் பக்கம்?

நிழல் எங்கே விழும்னு நீங்க யாரைக் கேப்பீங்க, கம்ப்யூட்டரையா, முற்றம் கூட்டுறவங்களையா?

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்னு, தோட்டமும் முற்றமும் வடிவமைக்கிற படிப்பு ஒண்ணு இருக்கு. அதைப் படிக்கப் போன செவ்வந்திகிட்ட லேப்டாப் இல்லை. பேராசிரியர் மாசிலாமணி, தான் வரைந்த கல்லூரி முற்றத்தின் வரைபடத்தை எல்லாருக்கும் கொடுத்தார். "மூணு மணி வெயிலுக்கு நிழல் எங்கே விழும்? நாளைக்குள்ள கம்ப்யூட்டர்ல போட்டு வரைஞ்சு வரணும். லேப்டாப் இல்லேன்னு அழுதா, இந்த வருஷம் பெயில்தான்!"

செவ்வந்தி நேரே முற்றம் கூட்டுகிற பேச்சியக்காவிடம் போனாள். "மூணு மணிக்கு மேற்குச் சுவரோர நிழல்லதான் தாயி, என் பாப்பாவைத் தூங்கப் போடுவேன்" என்றாள் அக்கா. அதையே வரைந்தாள்.

மறுநாள் பேராசிரியர் சிரித்தார். "மத்த முப்பது பேரோட கம்ப்யூட்டரும் கிழக்குச் சுவரோரம்னு சொல்லுது. நீ மேற்கேங்கிற. முப்பதும் முட்டாளா?"

"எனக்கென்ன சார் தெரியும்? மணி மூணாச்சு. வாங்க, அந்தக் கம்ப்யூட்டருங்க சொன்ன நிழல்லயே உக்காந்து பேசுவோம்."

கிழக்குச் சுவரோரக் கல்பெஞ்சில் கம்பீரமாக உட்கார்ந்தவர், தோசைக்கல்லில் உட்கார்ந்தவர் மாதிரி துள்ளி எழுந்தார். எதிரே, மேற்குச் சுவர் நிழலில், பேச்சியக்காவின் பாப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தது.

செவ்வந்தி மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்: "கம்ப்யூட்டர் மேல தப்பில்ல சார். நீங்க குடுத்த வரைபடத்துல வடக்கு அம்புக்குறி தெற்கே பாக்குது. அதான் அதுக்குக் கிழக்கும் மேற்கும் மாறிப்போச்சு."

அவர் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு, பாப்பா முழித்துவிடாதபடி மெதுவாகப் பேசினார்.

"நீ பாஸும்மா. அடுத்த வரைபடத்தை நான் வகுப்புல குடுக்கறதுக்கு முன்னாடி, நீயும் பேச்சியும் ஒரு தடவை பாத்துச் சொல்லுங்களேன்."