துரைக்கண்ணு வீட்டு டீ

தெருவில் கிடப்பவர்களை அழைத்து வந்து, தேற்றி, ஒரு வாடகை அறையில் குடிவைப்பதுதான் அந்த மடத்தில் நடந்த பூசை. மடத்தை நடத்தியவர் திலகவதி அம்மா. அவருடைய சீடர் எத்திராஜ் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குருவைவிட வயதில் மூத்தவர். இரக்கம் நிறைய உண்டு, பொறுமைதான் கொஞ்சம் குறைவு.

பல வருடமாகப் பேருந்து நிலையத்தில் படுத்துக் கிடந்த துரைக்கண்ணுவை அவர் பொறுப்பில் விட்டிருந்தார்கள். எத்திராஜ் அவரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். அறை பிடித்தது, பாய் வாங்கியது, அடுப்பு வாங்கியது எல்லாம் அவர்தான். குடிபோகிற அன்று பால் காய்ச்ச வேண்டும். துரைக்கண்ணு எதற்குச் சிரமப்பட வேண்டும் என்று, மடத்துச் சமையலறையிலேயே காய்ச்சி பிளாஸ்க்கில் கொண்டுபோய் ஊற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து வேளாவேளைக்குக் கேரியரில் சோறும் போயிற்று.

துரைக்கண்ணு சாப்பிட்டார், கும்பிட்டார், இருட்டியதும் பழையபடி பேருந்து நிலையத்துக்கே படுக்கப் போனார்.

வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்தார். மாதக் கடைசிக்குள் ஆள் வந்து தங்காவிட்டால் வேறு குடும்பத்துக்கு விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார். தெருவில் கிடந்தவருக்கு வீடு தர அந்த ஊரில் முன்வந்தவர் அவர் ஒருவர்தான். எத்திராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னும் நான் என்னம்மா கொண்டுபோய்க் கொடுக்கணும்?"

"வாங்க, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றார் அம்மா.

எத்திராஜ் வழக்கம்போலக் கேரியரைத் தூக்கினார். அம்மா அதை வாங்கிக் கீழே வைத்தார். அப்போதுதான் மடத்தில் டீ வந்தது. அதையும் வேண்டாம் என்றார்.

"டீ அங்க போய்க் குடிச்சுக்கலாம்."

அறைக்கு வந்ததும் எத்திராஜ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அம்மா வெளியிலேயே நின்றார்.

"துரைக்கண்ணு, இருக்கீங்களா? உள்ள வரலாமா?"

அவரை யாரும் அப்படிக் கேட்டு வெகு காலம் ஆகியிருக்க வேண்டும். துரைக்கண்ணு எழுந்து வாசலுக்கு வந்தார். பிறகு மெதுவாக, "வாங்கம்மா" என்றார்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். வெயிலில் நடந்ததில் தலை வலிக்கிறது, ஒரு வாய் டீ கிடைக்குமா என்று கேட்டார். எத்திராஜ் பதறிப்போய், நான் கடையில் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். அம்மா பார்த்த பார்வையில் தானும் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வீட்டில் இருந்தது ஒரே டம்ளர். துரைக்கண்ணு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவை முதல் முறையாகத் தட்டினார். இரண்டு டம்ளரும் ஒரு கிண்ணத்தில் பாலும், டீத்தூள் சர்க்கரைப் பொட்டலமுமாகத் திரும்பி வந்தார்.

"வீட்டுக்கு ஆளுங்க வந்திருக்காங்கன்னு சொன்னேன். குடுத்தாங்க."

வாங்கி வைத்த அடுப்பு அன்றுதான் பற்றியது. பால் பொங்கி வழிந்தது. துரைக்கண்ணு அணைக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டீ பாயசம் மாதிரி இருந்தது. அம்மா ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு இன்னும் அரை டம்ளர் கேட்டார். ஊற்றிக்கொண்டே துரைக்கண்ணு எத்திராஜின் காலைப் பார்த்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. செருப்பை வெளிய விட்டுருங்க."

எத்திராஜ் குனிந்து பார்த்தார். இத்தனை நாளும் கை நிறையச் சாமானோடு, செருப்புக் காலோடுதான் உள்ளே வந்து போயிருக்கிறார். எழுந்து போய் அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் கழற்றி வைத்தார். அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கிளம்பும்போது, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாங்க, குழம்பு வைக்கிறேன் என்று துரைக்கண்ணு சொல்லி அனுப்பினார்.

மறுநாள் விடிந்ததும் எத்திராஜ் பேருந்து நிலையத்துக்குப் போனார். துரைக்கண்ணு படுக்கிற இடத்தில் ஒரு நாய்தான் படுத்திருந்தது. அங்கிருந்து அறைக்குப் போனார். துரைக்கண்ணு குழாயடியில் இரவல் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். எத்திராஜ் மூச்சிரைக்க மடத்துக்கு வந்தார்.

"நான் எவ்வளவோ கொடுத்தேன், அவர் தங்கல. நீங்க ஒரு டீயைக் குடிச்சிட்டு வந்தீங்க, தங்கிட்டார். எப்படிம்மா?"

அம்மா சிரித்தார்.

"நீங்க போனப்பல்லாம் அந்த வீட்டுல அவர் விருந்தாளியா இருந்தார், ஐயா. நேத்து நாம இருந்தோம்."