சாரைப்பாம்புக்கு விட்ட தெற்கு வாசல்

எலிக்கும் தவளைக்கும்கூடப் பட்டா எழுதிக் கொடுத்த ராசா ஒருத்தர் முன்னொரு காலத்தில் இருந்தாராம். அவர் நாட்டில், ஒரு நெல்வயல் வரப்பில், வரப்பாண்டி என்ற எலி வளை தோண்டிக் குடியிருந்தான். கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல், தெற்கே ஒரு வாசல். நடுவில் ஓர் அறை. அந்த அறையில் அவன் பெண்டாட்டி நெல்லாயியும், கண் திறக்காத ஐந்து குட்டிகளும்.

நிம்மதியாகத்தான் இருந்தார்கள், தரகர் ஓணான் வந்து எட்டிப் பார்க்கும்வரை.

ஓணான் யார் என்ன சொன்னாலும் தலையாட்டும். கொடுப்பவனுக்கும் ஆட்டும், வாங்குபவனுக்கும் ஆட்டும். அதனாலேயே அதற்குத் தொழில் அமோகம்.

“அண்ணாச்சி, ஒரு குடும்பத்துக்கு மூணு வாசலா? சும்மா கிடக்கே,” என்றது.

“சும்மா கிடக்கலை. ஓடுறதுக்குக் கிடக்கு,” என்றாள் நெல்லாயி.

ஓணான் அதற்கும் தலையாட்டியது. வரப்பாண்டி மட்டும் ஆட்டவில்லை. அவன் அந்த நிமிடமே முதலாளி ஆகியிருந்தான்.

கிழக்கு வாசல் தவளைக்குப் போயிற்று. வாடகை, தினம் இரண்டு வெட்டுக்கிளி. மறுநாளே தவளை வந்து, “கூரை ஒழுகுது ஐயா,” என்றது. “தவளைக்கு ஒழுகினா அது வசதி. இதுக்கே வாடகையைக் கூட்டணும்,” என்றான் வரப்பாண்டி.

மேற்கு வாசல் நண்டுக்குப் போயிற்று. ஒரு மாத வாடகைக்கான நத்தைகளை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, நண்டு வாசலைச் சேற்றால் அடைத்துக்கொண்டு தூங்கிவிட்டது. “சத்தமில்லாத குடித்தனம்,” என்று மெச்சிக்கொண்டான்.

“தெற்கையும் விட்டுட்டா நாம எது வழியாப் போறது?” என்றாள் நெல்லாயி.

“வீட்டுக்காரன் எந்த வாசல்லயும் போகலாம் புள்ள. உனக்குத் தொழில் தெரியாது.”

குட்டிகளோடு வந்து கேட்ட அணிலை, பிள்ளைகுட்டி இருந்தால் சுவர் பாழாகும் என்று திருப்பி அனுப்பினான். சொல்லும்போது அவன் வாலை அவன் பிள்ளையே கடித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் ஓணான் ஒரு சாரைப்பாம்பைக் கூட்டி வந்தது. பாம்பு மிகவும் மரியாதையானது. “பிள்ளைகுட்டி கிடையாது, சமையல் கிடையாது, பத்து நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு,” என்றது. முன்பணமாகத் தன் முழுச் சட்டையையே உரித்து வைத்தது. என்ன சாப்பாடு என்று வரப்பாண்டி கேட்கவில்லை. ஆலிலையில் நகத்தால் கீறிப் பத்திரம் முடிந்தது: தெற்கு வாசல், சாரைக்கு.

பத்தாம் நாள் மழை கொட்டியது. தவளையின் வழியெல்லாம் தண்ணீர். நண்டின் வழியெல்லாம் சேறு. மிச்சமிருந்த வழியில் பாம்பு உள்ளே வந்தது, நடு அறை வரைக்கும்.

“உங்களுக்கு எழுதினது வாசல் மட்டும்தானே,” என்றான் வரப்பாண்டி. குரல் கீச்சென்று வந்தது.

“வாசல் எங்கே முடியுதுன்னு எழுதலையே,” என்றது பாம்பு. அதன் பார்வை குட்டிகளின்மேல் இருந்தது.

நெல்லாயி முகத்தை மலர்த்திக்கொண்டு முன்னே வந்தாள்.

“வாங்க ஐயா. எங்களைச் சாப்பிட்டா உங்களுக்கு ஒரு வேளை. இந்த வளை முழுசையும் எழுதி வாங்கிட்டா, தவளையும் நண்டும் தினம் உங்களுக்கு வாடகை கட்டும். இருந்த இடத்துலயே காலம் ஓடிடும்.”

பாம்பு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. முதலாளி என்ற நினைப்பே அதற்கு இனித்தது. “முழுசுமா?”

“முழுசும். ஆனா ராசா சட்டப்படி காலி வீடாத்தான் ஒப்படைக்கணும். உள்ளே ஆள் இருந்தா பத்திரம் செல்லாது. நீங்க நடு அறையில சுருண்டு படுத்து அளவு பாருங்க. நாங்க சாமானை எடுத்துடுறோம்.”

பாம்பு வழியை விட்டு உள்ளே வந்து சுருண்டது. நெல்லாயி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு பாம்பின் மூக்கை ஒட்டிப் போனாள், திரும்பி வந்தாள். இரண்டாவது. மூன்றாவது. நான்காவதை வரப்பாண்டி கவ்வினான். போகிற அவசரத்தில் பாம்பின் மீசையில்லாத முகத்தில் தன் மீசையால் உரசிவிட்டான். “பாத்துப் போங்க,” என்றது புது முதலாளி. ஐந்தாவதோடு நெல்லாயி வெளியேறினாள். அதன் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பாம்பு வாடகை கேட்கப் போனது. முதலாளி யாரென்று தெரிந்ததுமே தவளை தாவிப் போயிருந்தது. சேற்றுக்குப் பின்னாலிருந்து நண்டு கொடுக்கை மட்டும் நீட்டியது. “குடித்தனக்காரங்க சரியில்லையே,” என்று பாம்பு ஓணானிடம் குறைப்பட்டது. ஓணான் தலையாட்டியது.

இரண்டு வரப்பு தள்ளி வரப்பாண்டி புது வளை தோண்டினான். மூன்றாவது வாசல் திறந்ததும், “நெல்லாயி, இந்தப் பக்கம் நல்ல காத்து வருது, ஒரு சின்னக் குடும்பத்துக்கு…” என்று ஆரம்பித்தான். அவள் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். அவன் மீதி மண்ணையும் தள்ளினான்.

ஆகவே, கேட்டுக்கொண்டிருப்பவர்களே: வருமானத்துக்காக எதை வாடகைக்கு விட்டாலும், பெற்ற பிள்ளைகள் தப்பிப் போகும் வழியை மட்டும் விடக் கூடாது.