வலது கால் செருப்பு

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. அலரின்னு பேரு. நீ காலைப் போர்வைக்குள்ள இழுத்துக்க, கொசு பிடுங்கும். அவ ஊர்ல ஊத்து வத்திப்போச்சு. கன்னுக்குட்டிங்க வெறும் பாறையை நக்குதுங்க, சரட் சரட்னு. மலை உச்சியில ஒரு நீலக்கல் இருக்கு, அதை எங்க புதைச்சாலும் தண்ணி வரும்னு கேள்விப்பட்டு, கயித்தைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டா.

ம்.

அப்போ வழியில ஒருத்தன் வந்தான், கடுவன்னு. எதிர்மலைக்காரன். அவன் ஊர்லயும் தண்ணி இல்ல. அவனுக்கும் அந்தக் கல்தான் வேணும்.

"உங்க ஊர்க்காரங்க எங்க ஆட்டைத் திருடினவங்க"ன்னா அலரி.

"நீங்க எங்க நாயைத் திருடினீங்க. அது இப்ப எங்களையே பார்த்துக் குலைக்குது"ன்னான் அவன்.

ஆனா தனியா ஏற முடியாத மலை அது. ஒருத்தர் ஏற, ஒருத்தர் கயிறு பிடிக்கணும். அந்த மலையில ஒரு வழக்கம் உண்டு. முன்பின் தெரியாதவங்க சேர்ந்து நடந்தா வலது கால் செருப்பை மாத்திக்கணும். அப்போ யாரும் யாரையும் விட்டுட்டு ஓட முடியாது பாரு. மாத்திக்கிட்டு நடந்தாங்க. சரக்... டொப்பு. சரக்... டொப்பு.

அந்த மலையில ஒரு பூதம். அதுக்குக் கை கால் கிடையாது, குரல் மட்டும்தான். கடுவன் தண்ணிக் குடுக்கையைக் கீழ வச்சிட்டுக் கால்ல முள்ளு பிடுங்கறப்போ, "உஸ்ஸ்... அவன் தண்ணியைத் தூக்கிட்டு ஓடு"ன்னுச்சு. அலரி எட்டி ஒரு அடி வச்சா. பெரிய செருப்பு தடுக்கித் தொப்புனு விழுந்தா.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. இது செருப்பா, படகா?"

அவன் சிரிச்சுக்கிட்டே அவளுக்குத்தான் முதல்ல தண்ணி குடுத்தான். சரி, அப்புறம் செங்குத்துப் பாறை. கடுவன் கீழ தொங்குறான், இவ மேல நின்னு கயிறு பிடிக்கிறா. "உஸ்ஸ்... விட்டுடு."

"விட்டுருவியா?"ன்னு கேட்டான் கடுவன்.

"எப்படி விடுறது? என் செருப்பு உன் கால்லதானே இருக்கு"ன்னு இழுத்தா.

தூங்கிட்டியா?

ம்ஹும்.

அப்புறம் உச்சிக்குப் போனா, ஒரே ஒரு கல்லு. யாருக்குங்கறதைக் கீழ போய்ப் பேசிக்கலாம்னு அலரி மடியில கட்டிக்கிட்டா. உச்சி வெயில். கடுவன் செருப்பைக் கழட்டிட்டு மர நிழல்ல படுத்தான். "உஸ்ஸ்... உன் செருப்பை எடுத்துக்க. ஓடு."

கன்னுக்குட்டிங்க ஞாபகம் வந்துச்சு அவளுக்கு. அவன் செருப்பைக் கழட்டி வச்சா, தன்னோடதை மாட்டினா, நடந்தா. சரக், சரக். காலுக்கு என்ன சுகம்! வளைவு வரைக்கும் போயிட்டா. அங்க நின்னா. கீழ எதிர்மலை ஊர் தெரியுது. அங்கயும் ஒரு கன்னு பாறையை நக்கிக்கிட்டு நிக்குது.

திரும்பி வந்து, தன் செருப்பைக் கழட்டி அவன் காலடியில வச்சா.

"வந்துட்டியா"ன்னான் கடுவன், கண்ணைத் திறக்காம. அவன் கையிலேருந்து ஒரு கருங்கல்லு கீழ விழுந்துச்சு, டொக்.

"நான் போறப்போ எறியப் பார்த்தியா?"

"பூதம் எறி எறின்னுச்சு."

"ஏன் எறியல?"

"நான் தொங்கின கயித்தைப் பிடிச்ச கை உன்னோடது. அதுல பட்டுட்டா?"

அப்புறம் என்ன, நீலக்கல்லை ரெண்டு ஊருக்கும் நடுவுல புதைச்சாங்க. குபுகுபுகுபுனு தண்ணி! ரெண்டு ஊர்க் கன்னும் ஒரே பள்ளத்துல வாயை வச்சுதுங்க.

பூதம்?

அது பாவம். அதுக்குக் காலே இல்லியே, யாரு அதுகூட செருப்பு மாத்துவா? கதை செருப்பைக் கழட்டி வாசல்ல விட்டுட்டு உள்ள வந்துடுச்சு. நீயும் கண்ணை மூடிக்க.